சுவரில் கூடுதலாக ஓர் இலை

இத்தாலியில், பலெர்மோவில் என் மகளின் பள்ளியைத் துப்புரவு செய்கிறவள் அவள். நீல மேலங்கி ஒரு தோளில் எப்போதும் சரிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் தாள் இலை வெட்டி, பெயரெழுதி, அவரவர் வகுப்புச் சுவரில் வரைந்த மரத்தில் ஒட்டுவார்கள். அவர்கள் போனபின் அவளும் ஒன்று ஒட்டுவாள். இம்முறை ஐந்தாம் வகுப்பில் பார்த்துவிட்டேன். வெளியே மழை, ஜன்னலெல்லாம் சாம்பல்.

“ஆரின்ரை பேர், தங்கச்சி?”

“என்ரை மகள், அண்ணை. மன்னாரிலை நிக்கிறாள். விசா வரேல்லை. நான்தான் இஞ்சை வருஷா வருஷம் வகுப்பேத்திறன்.”

“டீச்சர் எண்ணினால் ஒரு பிள்ளை கூடுமே?”

“எண்ணுறவ. பேசாமல் விடுறா.”

“கெதியிலை வந்திடுவாள்.”

“ஓம். இந்தப் பள்ளிக்கூடம் ஐஞ்சாம் வகுப்போடை முடியுது, என்ன?” என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் எங்கே ஒட்டுவாள் என்று யோசித்தபடி, அந்த இலையின் நுனியை நானும் ஒருமுறை அழுத்திவிட்டேன்.