பூசாமல் விட்ட மூலை

மாடக்கண்ணுக்கு சண்முகராஜ் மேல் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு ஆத்திரம் உண்டு. நாகலாபுரத்தில் அவன் முதன்முதலாக டிராக்டர் வாங்கியபோது டிரெய்லருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது சண்முகராஜ்தான். அடித்ததைக் குறை சொல்ல முடியாது. மயில்கழுத்து நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு, பக்கத்துக்கு ஒரு வேல். ஆனால் பின்கதவின் வலது கீழ் மூலையில் ஒரு கை அகலத்துக்கு நீலமே கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுகிற ரெட் ஆக்சைடு செக்கச்செவேல் என்று அப்படியே தெரிந்தது. வண்டி ஊருக்குள் நுழைந்த அன்றைக்கே, பெயின்ட் வாங்கத் துட்டு பத்தலையா என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்கப்புறம் மக்காச்சோளம் ஏற்ற எந்த ஊர்க் களத்துக்குப் போனாலும் அதே கேள்விதான்.

சண்முகராஜிடம் போய்ச் சண்டை பிடித்தான். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நாலு பேர் கண்ணு படுத மாதிரி ஒண்ணச் செஞ்சா, ஒரு குறையையும் நம்மளே வச்சிரணும்லே. பிள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கமா இல்லியா?"

மை வைப்பார்கள் சரி, பிள்ளையைப் பாதி குளிப்பாட்டியா தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று மாடக்கண்ணு திருப்பிக் கேட்டபோது அவன் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். தானே பூசிவிடலாம் என்றால் பெண்டாட்டி வெயிலம்மாள் விடவில்லை. இத்தனை வருஷத்தில் வண்டி ஒரு தடவைகூடக் கவிழவில்லையே, கைராசிக்காரர் விட்டதை ஏன் தொடவேண்டும் என்பது அவள் கட்சி. ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் எதற்குக் கவிழப்போகிறது என்பது இவன் கட்சி.

சண்முகராஜ் கழுகுமலைக்காரன். மீசை முளைக்கும் முன்னே கோவில்பட்டிக்கு வந்து, லாரி பாடி கட்டுகிற பட்டறையில் துரு சுரண்டியவன். பிறகு எட்டயபுரம் ரோட்டில் தனியாகத் தகரக் கொட்டகை போட்டான். அவன் கோடு இழுப்பதைப் பார்க்க டிரைவர்கள் டீ கிளாசும் கையுமாக நிற்பார்கள். மூச்சைப் பிடித்தான் என்றால் லாரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேருகிறவரை விடமாட்டான். அவன் கொட்டகையை விட்டு வெளியே போன எந்த வண்டியிலும் ஒரு மூலை பூசாமல்தான் போகும்.

மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் வருஷக்கணக்கில் ஸ்பிரே அடித்ததில் நெஞ்சு கெட்டுப்போனது. நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது. பெயின்ட் வாசம் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டகையைப் பூட்டினான். மனைவி ஆவுடைத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சென்னையில் இருக்கும் மகள் வனிதா, அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஒரு ஆட்டத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆகாசத்தில் படை நடத்திக் கிரகம் கிரகமாகப் பிடிக்கிற ஆட்டம். படைக்கு வேண்டிய கப்பல்களை ஆடுகிறவனே தகடு தகடாக ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம்.

உடம்புக்கு முடியாதவனைப் பார்த்துவிட்டு, கையோடு அந்த மூலையைப் பற்றியும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் மாடக்கண்ணு ஒரு நாள் போனான். போனவன் வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

திரையில் ஒரு கப்பல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தோகையை மடக்கிக்கொண்டு மயில் ஒன்று கழுத்தை நீட்டிப் படுத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் மஞ்சள் கோடு. தோகைக் கண் ஒவ்வொன்றும் ஒரு பீரங்கிவாய் என்று சண்முகராஜ் சொல்லித்தான் தெரிந்தது. நிறம், இவன் டிரெய்லரின் அதே நீலம். மாடக்கண்ணுக்கு வந்த காரியமே மறந்துபோனது. இப்படி ஒன்றை ஒரு மனிதன் உட்கார்ந்த இடத்திலேயே செய்ய முடியுமா என்று வாயைத் திறந்தபடி நின்றான்.

கப்பல் திரும்பியது. பின்பக்கம், வலது கீழ் மூலையில் ஒரு தகடு இல்லை. உள்ளே இருந்த குழாயெல்லாம் வெளியே தெரிந்தது.

"இங்கனயுமாலே?" என்றான் மாடக்கண்ணு.

பெயின்ட் மட்டும் பூசாமல் விட இந்த ஆட்டத்தில் வழியில்லை, தகடும் கலரும் சேர்ந்தேதான் வரும், அதனால் தகட்டையே விட்டுவிட்டேன் என்றான் சண்முகராஜ். மூச்சு வாங்க வாங்க மற்றதையும் சொன்னான். ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு அழகான கப்பல்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். அதில் இதுவும் ஒன்று. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். கடைசிவரை உடையாமல் நிற்கிற கப்பலைக் கட்டியவன் பேரோடு ஆட்டத்திலேயே சேர்த்துவிடுவார்கள். பிறகு எந்த தேசத்தில் யார் ஆடினாலும் அதை எடுத்து ஓட்டலாம்.

"வண்டியில எழுதுன பேரெல்லாம் அடுத்தவன் பெயின்ட் அடிக்கப்பம் மறைஞ்சிருது. இது மேல எவனும் அடிக்க முடியாதுலா."

சண்டைக்குப் போகிற கப்பலில் எவனாவது ஓட்டையை வைப்பானா, அதை அடைத்துவிடு என்று மாடக்கண்ணு கத்தியே பார்த்தான். சண்முகராஜ் கேட்கவில்லை. ஊர் உலகமே பார்க்கப்போகிறது, இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைக்க என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாடக்கண்ணு லோடுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்தான். ஆவுடைத்தாயும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மயில் ஒவ்வொரு கப்பலாக உடைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எதிரே ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பார்க்க அரைகுறையாக மூடிய சோளக்குதிர் மாதிரி இருந்தது. பீரங்கியெல்லாம் தோகையில் இருந்ததால், அதைச் சுட மயில் திரும்பியதும் முதுகு தெரிந்தது. குதிரிலிருந்து ஒரு குண்டு வந்து, எழுதி வைத்த இடம்போல அந்த மூலையில் நுழைந்தது. கழுத்து தனி, தோகை தனி. கொஞ்ச நேரம் நீலத் தகடுகள் இருட்டில் மிதந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

சண்முகராஜ் மவுசிலிருந்து கையை எடுக்காமல் இருந்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாடக்கண்ணு வாயில் வந்தது வேறு.

"நான் அன்னைக்கே சொன்னம்லா."

சொல்லிவிட்டு நேரே பஜாருக்குப் போய் நீலப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கினான். வெயிலம்மாள் தடுக்கத் தடுக்க அந்த மூலையை மூடினான். மறுநாள் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தான். புது நீலமும் பழைய நீலமும் ஒட்டவில்லை. முன்னைவிட அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் இனி எவனும் கேட்கமாட்டான்.

அன்று மத்தியானம் ஆவுடைத்தாய் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, அவியள திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். ஒங்களத்தான் கேக்காவ."

களத்தில் பாதி லோடு ஏற்றியிருந்த வண்டியை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்தான். வாரம் ஒருநாள் மூச்சுத் திணறுகிறவன்தானே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே போனான். கட்டிலில் முந்தின நாள் பார்த்த ஆள் இல்லை. மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் சண்முகராஜ்.

அவன் மாஸ்க்கைத் தூக்கினான். ஆவுடைத்தாய் மூடப் போனாள். கையைத் தட்டிவிட்டான்.

"கப்பல்ல தப்பு என் மேலதான். அங்கன பாக்கவன் பூரா சுடதுக்கு வந்தவன். அவனுக்குக் கண்ணு எதுக்கு, குண்டு இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தான். "ரோட்டுல அப்படி இல்லலே. பாக்கவன் கையில கண்ணத் தவிர வேற என்ன இருக்கு? நீ கோவத்துல போனியே, அந்த மூலையத் தொட்டிராத."

மாடக்கண்ணு பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"பூசிட்டம்லே," என்றான்.

சண்முகராஜ் கண்ணை மூடித் திறந்தான். திட்டப்போகிறான் என்று மாடக்கண்ணு காத்திருந்தான். சண்முகராஜ் உயிரோடு கடைசியாகக் கேட்டது இதுதான்.

"லோடு ஏத்திருக்கியா? அப்பம் வண்டிய எடுக்கதுக்கு முன்னால அதச் சொரண்டிரு. உப்புத்தாளப் போட்டுத் தேயி. செவப்பு தெரியுத வரைக்கும்."