இசபெல்லாவின் ஆறு மாதம்

காலையில் கோழிகளைத் திறந்துவிட்டதும் இசபெல்லா கிணற்றடிக்குப் போவாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கீழிமையை விரலால் இழுத்து, வெள்ளை விழியைப் பார்ப்பாள். முதலில் இடது, பிறகு வலது, திரும்பவும் இடது. அப்புறம் நகங்கள். இளவெயிலே மஞ்சள்தானே, அதில் பார்த்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். எட்டு மணிக்கு மறுபடியும் வந்து பார்ப்பாள்.

நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை. தக்காளியும் கேழ்வரகும் பயிரிடும் சின்னப்பராஜின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். அவருடைய இளைய மகள் இவள். சென்னையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியல் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, 1986 மே மாத விடுமுறைக்கு வந்திருந்தாள். இரத்தத்தையும் சளியையும் சோதித்து இன்ன நோய் என்று கண்டுபிடிக்கிற படிப்பு. ஊரில் அது யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்து நிலத்து மாதையன் நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"நான் டாக்டர் இல்லீங்க மாமா. டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குடுக்கறவ."

"அட, சும்மா பாரு கண்ணு."

எல்லோரிடமும் சிரிக்கிற பெண், அந்த விடுமுறையில் யாரையும் பக்கத்தில் விடவில்லை. தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து, வெந்நீர் ஊற்றித் தானே கழுவினாள். அவளுடைய அம்மா ஆரோக்கியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "பட்டணம் போனதும் எங்க தட்டுகூட ஆவாம போயிருச்சுங்க டீச்சர்" என்று என்னிடம் கண்ணைத் துடைத்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா தெரசாவின் ஆண் குழந்தைக்கு மூன்று மாதம். சித்தி அதை ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

ஒரு மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்ற இசபெல்லாவிடம், ஏன் இப்படி ஒதுங்குகிறாய் என்று நேராகவே கேட்டேன். இடது கட்டைவிரலைக் காட்டினாள். ஒன்றும் தெரியவில்லை.

"ஏப்ரல்ல குத்திக்கிட்டேன். மஞ்சள் காமாலை வந்தவரோட ரத்தம். சிரிஞ்சுலேருந்து ஊசியக் கழட்டும்போது வழுக்கிருச்சு. பி வகைக் காமாலை, ஆறு மாசம் வரைக்கும் எப்ப வேணா வரலாம், பொறுத்துத்தான் பாக்கணும்னு புரொபசர் சொல்லிட்டாருங்க."

"குழந்தையைத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளுமா?"

"ஒட்டாதுன்னுதான் புக்குல இருக்குது. பரிட்சையில நானே எழுதியிருக்கேன். ஆனா என் கை நம்ப மாட்டேங்குது டீச்சர்." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "வூட்டுல சொல்லிடாதீங்க. படிப்ப நிறுத்திருவாங்க."

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கோயிலில் ஏந்தி நிற்கிற ஞானத்தாய் இசபெல்லாதான் என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே முடிவானது. கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் ஆரோக்கியம்மாள் குழந்தையை அவளிடம் நீட்டினாள். இசபெல்லா பின்வாங்கினாள். அம்மா இன்னும் நெருங்கினாள். முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாள் மகள்.

"புள்ளயத் தூக்குனா தேஞ்சா போயிருவ?"

"வேணாம்மா, கிட்ட கொண்டு வராத!" என்று கத்திவிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, காமாலை, ஆறு மாதம். இடையிடையே மூச்சு வாங்கியது.

தெரசா விறுவிறுவென்று வந்து அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள். தங்கை அதைப் பார்த்தாள்.

"இனிமே மெட்ராஸ் போவ வேணாம்" என்றார் சின்னப்பராஜ்.

"போவாம வூட்லயே இருந்தா மட்டும் வராம போயிருமாப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். உறவில் ஒரு பெரியம்மா ஞானத்தாயாக நின்றாள். குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது இசபெல்லா கோயில் வாசற்படிக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஜூலையில் அவளுடைய டிரங்குப் பெட்டியைச் சின்னப்பராஜே தோளில் வைத்து பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டு வந்தார். "அங்க ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஒன்னயப் பாக்கறதுக்கு ஆளு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்று தலையாட்டினாள். பொய் என்று எனக்குப் பட்டது.

அக்டோபர் முடிவில் என் பள்ளி விலாசத்துக்கு அவளிடமிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. "டீச்சர், இரண்டு முறை சோதித்துவிட்டார்கள். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் படித்துக் காட்டுங்கள்." படித்துக் காட்டினேன். ஆரோக்கியம்மாள் திரும்பப் படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை படித்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் பயம் முழுக்க விட்டுப்போகவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு ஒருமுறைகூட அவள் ஊசியைத் தொடவில்லை. வகுப்பில் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவியிருக்கிறாள். மார்ச்சில் செய்முறைத் தேர்வு. தேர்வாளரின் கண் முன்னால் இரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். பழகுவதற்காகக் கண்ணாடி சிரிஞ்சு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். கொதிக்க வைத்து எடுத்து, துணிமேல் பரப்பிவிட்டு, அரை மணி நேரமாக அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"கை ஊசிகிட்டயே போவ மாட்டேங்குது டீச்சர். பெயிலாயிருவேன்."

வயலிலிருந்து வந்த சின்னப்பராஜ் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போவார். அன்றைக்குக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"நம்ம வூட்டு ரத்தந்தான். குத்திப் பழகு."

கையை நீட்டி, பற்களைக் கடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இசபெல்லா அவருடைய முழங்கையை இடது கையில் ஏந்தி, நரம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஊசியை எடுத்தாள்.