வருடா வருடம் புதிதாகச் சேர்ந்த அக்கா

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களைப் பதினொரு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் புது அடையாள அட்டை கொடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். அதனால் யாரும் பர்மனென்ட் கேட்க முடியாது. மறுபடி சேரும் நாளில் நடக்கும் பாதுகாப்பு வகுப்பில்தான் அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நரைத்த முடியை வலைத் தொப்பிக்குள் அடக்கியிருந்தார். டிரெய்னர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார்.

“எல்லாம் எப்படிம்மா தெரியுது?”

“வருசா வருசம் புச்சா சேர்றேனே சார், தெரியாம பூடுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அட்டை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னாத்துக்கு பயந்து சாவுற? இந்த தபா நம்மள பர்மனென்ட்டே பண்ணிடுவாங்க, பாரு” என்று என் தோளில் தட்டினார்.

கம்பெனி வளர்ந்தால் நாடு வளரும், நாமும் வளர்வோம் என்று எச்.ஆர். அதிகாரி பேசிவிட்டு, பெயர் கூப்பிட்டு அட்டை கொடுத்தார். பாதிப் பேர் வாங்கிப் போன பிறகு, பொறுக்க முடியாமல் அக்கா எழுந்துபோய்த் தன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார்.

“நாப்பது தாண்டினவங்கள லைன்ல எடுக்கறதில்லம்மா. புது ரூல்.”

“இத்தினி வருசமா புச்சுன்னுதானே சார் எழுதுனீங்க? புச்சா வந்தவளுக்கு அதுக்குள்ள எப்டி சார் வயசாச்சு?”

அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். என் பெயர்தான். அக்கா நகர்ந்து எனக்கு வழி விட்டார். நான் தலைகுனிந்து அட்டையை வாங்கிக்கொண்டேன்.

கடைசிவரை கூப்பிடாததால், அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது.