முகிலன் வாசித்துக் காட்டிய பக்கம்

நகக்கண்ணில் ஈர மணல் புகுந்தால் எப்படி உறுத்தும் என்பது எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் தாளில் எழுதிப் பழகிய வயதில் நாங்கள் மணல் தட்டில் விரலால் எழுத்தைக் கீறி, கீறும்போதே அதன் ஒலியை உரக்கக் கத்திக்கொண்டிருந்தோம். காஹாங் ஊரைத் தாண்டிச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்த அந்த விடுதிப் பள்ளி, வாய்ப்பேச்சில் புலியாகவும் எழுத்தைக் கண்டால் எலியாகவும் இருந்த பிள்ளைகளுக்கானது. இப்போது அதற்கு டிஸ்லெக்சியா என்று கௌரவமான பெயர் இருக்கிறது. அன்று ஊரார் வைத்த பெயர் 'மரமண்டை ஸ்கூல்'. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் அப்பா, "மவன் கோலாலம்பூர்ல படிக்கிறான்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்ததால், நான் உடலால் காஹாங்கிலும் புகழால் கோலாலம்பூரிலும் வளர்ந்தேன்.

மாதக் கடைசி ஞாயிறன்று பெற்றோர் வருவார்கள். பிள்ளை ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். தேறிவிட்டான் என்று அவர்களுக்குப் பட்டால் அழைத்துக்கொண்டு போய்விடலாம், பள்ளி தடுக்க முடியாது. வீட்டுக்குப் போவதைத் தவிர எங்களுக்கு வேறு லட்சியம் இருந்ததில்லை. ஆனால் என் அப்பா வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்ப்பார். மூன்றாம் வரி தாண்டுவதற்குள் பிடிபட்டுவிடுவேன்.

பக்கத்துக் கட்டில் முகிலனின் அப்பா, பாலோ ஊர்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர், எழுத்து அறியாதவர். அந்த ஞாயிற்றுக்குக் கிடைத்த பக்கம் கொசு ஒழிப்பைப் பற்றியது. முகிலன் கண்ணை வரிவரியாக ஓட்டி, அப்பா மோட்டார் சைக்கிளில் வருவதையும், மகன் கேட்டருகே காத்திருப்பதையும், அம்மா கோழிக்கறி ஆக்கிவைத்திருப்பதையும் கணீரென்று 'வாசித்தான்'. புத்தகத்தில் கோழியும் இல்லை, அம்மாவும் இல்லை.

"போதும் சார், எம்மவன் படிச்சிட்டான்" என்று அவன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுமே" என்றார் எங்கள் ஆசிரியர் செல்வம் சார்.

"எதுக்கு சார்? என் காதால கேட்டேன்ல?"

சார் புத்தகத்தைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று மகனை வைத்துக்கொண்டு ஒரு தகப்பனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முகிலன் பின்னிருக்கையில் ஏறிப் போனான். எழுத்து தெரிந்த தகப்பன் வாய்த்த என் தலைவிதியை நொந்துகொண்டு நான் மணலுக்குத் திரும்பினேன்.

அப்புறம் நடந்ததை, போன மாதம் கூலாய் டவுனில் சந்தித்தபோது முகிலனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவன் அப்பா நேரே கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பேப்பரை நீட்டி, "படிடா, எல்லாரும் கேக்கட்டும்" என்றிருக்கிறார். படித்தான். எட்டிப் பார்த்த ஒருவர், "அலமாக், இந்த நியூஸ் நாளைக்குத்தான் வரும்போல லா!" என்றதும் கடையே சிரித்திருக்கிறது. அப்பா அடிக்கவில்லை. திரும்பப் பள்ளியில் விடவும் இல்லை, "அந்த சார் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாராம். மறு வாரமே உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போனவன், இப்போது ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிறான். நானோ பத்திரிகைக்கு எழுதுகிறேன். தாமதமாக வாசிக்கக் கற்றவன் என்பதாலோ என்னவோ, என்னை வாசிப்பவர்களும் இன்னும் வந்து சேரவில்லை.

"அந்த ஸ்கூல் இருக்காடா?" என்றான் திடீரென்று. "மகளைச் சேர்க்கணும். அவளுக்கும் எழுத்து நிக்கல, பின்னால உக்கார வச்சிட்டாங்க. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?"

அவளையும் ஏற்றிக்கொண்டு காஹாங் போனோம். கட்டடம் நின்றது. ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள். குருவிகளை அழைக்க ஒலிபெருக்கியில் பதிவுசெய்த கீச்சொலி ஓயாமல் கேட்டது. செல்வம் சார் இறந்துவிட்டதாகக் காவலாளி சொன்னான்.

"இங்கதான் படிச்சீங்களாப்பா?" என்றாள் மகள்.

முகிலன் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அங்கிள் படிச்சாரும்மா" என்றான்.