தட்டிக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஆண்டாளம்மாளுக்குப் பால் ஊற்றியவன் எவனும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. தண்ணீர் கலக்கிறான் என்று நிறுத்திவிடுவாள். கலக்காதவன் வந்தாலோ, இவன் எதற்காகக் கலக்காமல் இருக்கிறான் என்று அதற்கும் ஒரு யோசனை ஓடும். அரிசி மூட்டையைப் பிரித்தால் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளி மோந்து பார்ப்பாள். கோயில் தீர்த்தத்தைக்கூட அந்தப் பொம்பளை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கும் என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒண்டியாக இட்லிக்கடை நடத்துகிறவள் எல்லோரையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அடுப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவள் கட்சி. அதில் தப்பொன்றும் இல்லை.

இத்தனை சந்தேகத்திலும் இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒன்று புருஷன் கன்னியப்பன். இன்னொன்று அவனைப் பெற்ற அம்முலு.

கன்னியப்பன் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று கிளம்பியவன். முதலில் ஆள் மூலமாகச் சேதி வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஆண்டாளம்மாள் அழவில்லை, ஜோசியம் பார்க்கவில்லை. வருவான் என்றாள். வருகிறவன் நேரே கடைக்குத்தானே வருவான்? அதனால் கடையை ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. தாமலில் இருந்த அவள் அண்ணன் வந்து வந்து கூப்பிட்டான்; ஏரிக்கரை ரோட்டில் கடை போட்டுத் தருகிறேன், சொந்தக்காரர்களோடு இரு என்றான். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. அந்த ஒரு நாள் பார்த்து அவன் வந்து, பூட்டின கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்?

அம்முலுவும் அதையே சொல்லுவாள். என் பிள்ளை வருவான், கனவில் வந்தான் என்பாள். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பாயில் படுத்தார்கள். அம்முலுவுக்குக் கண்ணில் புரை. மாசத்துக்கு ஒருதரம் அமாவாசை கழிந்து வாலாஜாபாத் டாக்டரிடம் மருந்து விட்டுக்கொண்டு வருவாள். கையில் ஒரு இலைப் பொட்டலம் போகும். மிளகாய்ப் பொடி தடவின இட்லி. டாக்டர் வீட்டில் கொடுத்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று அவளே சொல்லி வைத்த ஏற்பாடு. பொடி காரமாக இருக்கிறது, அங்கே சின்னப் பிள்ளைகள் தின்கின்றன, கொஞ்சம் பார்த்துப் போடு என்று ஒருதரம் சொன்னாள். இலவசமாகத் தின்கிற வாய்க்குக் காரம் வேறு குறைய வேண்டுமாக்கும் என்று ஆண்டாளம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை.

அறுபத்தோராம் வருஷம் ஐப்பசி மழையில், கடைக்குப் பக்கத்து அறையில் டுடோரியல் ஒன்று வந்து சேர்ந்தது. நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். நடத்தியவர் வேதாசலம், பி.ஏ. படித்த உள்ளூர்க்காரர், ஒல்லி மனிதர். படித்தவர்களோ எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் தேறாமல் மீசை முளைத்துப் போன பையன்கள். புத்தகத்தில் வருகிற ஜானும் மேரியும் இவர்கள் மண்டையில் ஏற மாட்டார்கள் என்று வேதாசலம் கண்டுகொண்டார். உள்ளூர் ஆள், உள்ளூர் ஏரி, உள்ளூர் வம்பு என்று வாக்கியம் செய்தார், பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் அவர் எடுத்த பாடம் இது. இங்கிலீஷில் முதலில் ஆளைச் சொல்லிவிட வேண்டும், எந்த ஆள் என்பதை அவன் பின்னால் வால் மாதிரி கட்ட வேண்டும். சேதி என்று முதலில் சொல்லி, என்ன சேதி என்பதையும் அப்படியே பின்னால் கட்ட வேண்டும். தமிழில் முன்னால் நிற்கிற சங்கதியெல்லாம் அங்கே பின்னால் போய் நிற்கும். அந்த வாலுக்குள் மெதுவாக, அடிக்கடி, திருட்டுத்தனமாக என்று ஒரு சொல் வரும். அது எங்கே உட்காருகிறது என்பதில்தான் பரீட்சையில் எல்லோரும் குப்புற விழுகிறார்கள். அதனால் அந்தச் சொல் வரும்போது வேதாசலம் பிரம்பால் பலகையில் ஒரு தட்டு தட்டுவார். பையன்கள் அந்தச் சொல்லை மட்டும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

ஆண்டாளம்மாளுக்கு இதெல்லாம் இரைச்சல். ஒரு நாள் சாயங்காலம் அந்த இரைச்சலுக்குள் இட்லி கேட்டது.

"தி வுமன் ஹூ ஸ்டில் வெய்ட்ஸ் ஃபெய்த்ஃபுல்லி செல்ஸ் இட்லிஸ்!"

கரண்டி அப்படியே நின்றது. இட்லி என்றால் இட்லிதான், அதில் இங்கிலீஷ் என்ன தமிழ் என்ன? கடைத்தெருவில் இட்லி விற்கிறவள் இவள் ஒருத்திதான். கல் மாதிரி இருக்கிறது என்று பாட்டுக் கட்டுகிறார்களோ என்று நினைத்தாள். மறுநாள் காதைத் தட்டியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தி ஃபாக்ட் தட் கன்னியப்பன் ஹாஸ் சீக்ரெட்லி ரீமேரீட் இஸ் நோன் டு ஆல்!"

கன்னியப்பன். அதற்கப்புறம் பிரம்படி, 'சீக்ரெட்லி' என்று ஒரு கூச்சல்.

ஊரில் கன்னியப்பன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இட்லிக்குப் பக்கத்தில் வருகிற கன்னியப்பன் எத்தனை பேர்? அந்த டுடோரியலில் படிக்கிற சின்னராசு தினமும் அவள் கடையில் சாப்பிடுகிறவன், மூன்றாம் தரம் சட்னிக்குச் சண்டை போடுகிற ஆள். அவனைப் பிடித்து, இன்னாடா கத்துறீங்க என்று கேட்டாள். கிராமர் அக்கா என்றான். இலையில் சட்னி மீதி இருக்க எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. சட்னி தண்ணியாக இருக்கிறது என்று ஒருத்தனும் குறை சொல்லவில்லை. சிடுசிடு என்று பேசினாலும் பதிலுக்குப் பேசாமல் போனார்கள். விறகுக்காரி கேட்காமலே இரண்டு கட்டை கூடப் போட்டாள். காரணமில்லாமல் ஊர் நல்லதாகிவிடுமா என்ன? மாமியாரிடம் சொன்னாள். அம்முலுவின் முகம் சுண்டிப் போயிற்று. ஊரில் எத்தனையோ கன்னியப்பன், வாத்தியாரிடமெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்காதே, பொட்டச்சிக்கு அழகில்லை என்று படபடவென்று பேசினாள். பாலை மோந்து பார்க்கிற மூக்குக்கு அது எட்டவில்லை. பிள்ளை பேர் தெருவில் அடிபடுகிறதே என்று வெட்கப்படுகிறாள், பாவம் கிழவி என்றுதான் ஆண்டாளம்மாள் நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பிரம்பு தட்டின உடனே அவள் அடுப்பை விட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு போய் டுடோரியல் வாசலில் நின்றாள். பையன்களின் சத்தம் பாதியில் அறுந்தது. சின்னராசு தலை குனிந்துகொண்டான்.

"வாத்தியாரே, பெரம்பால தட்றியே ஒரு வார்த்த, அதுக்கு இன்னா அர்த்தம்?"

வேதாசலம் சிரிக்கப் பார்த்தார். அது சும்மா, ஒருத்தன் ஒரு காரியத்தை எப்படிச் செய்தான் என்று காட்டுகிற சொல், பரீட்சைக்கு வரும் என்றார். அர்த்தத்தைச் சொல்லுங்கள் என்று அவள் நின்றாள்.

"ரகசியமா. அவ்ளோதான் ஆண்டாளக்கா."

"இன்னா பண்ணான் ரகசியமா?"

ரகசியமாக என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட முடியாது. என்ன செய்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதமாக அவரே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கையில் கரும்பலகைத் துணி இருந்தது. எல்லாவற்றையும் துடைத்தாலும் இனிப் பிரயோஜனம் இல்லை.

"ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினாருக்கா. வாலாஜாபாத்ல கீறாரு. ரெண்டு கொழந்தைங்க."

பஸ் மாறும்போது பார்த்ததாகச் சொன்னார். தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, மனசில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, இங்கிலீஷில்தானே என்று பாடத்தில் போட்டுவிட்டேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்தவள் வயிற்றெரிச்சலைப் பலகையில் எழுதி, அது எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு மாதம் பாடம் நடத்தியிருக்கிறார்.

"கடசியில டு ஆலுன்னு கத்துறாங்களே, அது?"

"எல்லாருக்கும் தெரியும்னு."

அவள் கடைக்குத் திரும்பினாள். அடியில் தண்ணீர் வற்றி இட்லிப் பானை கருகிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள். வாலாஜாபாத் என்ற பேர் காதிலேயே நின்றது.

அப்போதுதான் அது உறைத்தது. மாசாமாசம் கிழவி கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு வருகிறாளே, வீட்டில் ஒரு சீசா உண்டா? ஒரு சொட்டு உண்டா? பால்காரனின் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தவள், இந்தச் சீசா எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டர் வீடும் கிடையாது, டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் கிடையாது. இவள் விடியற்காலையில் எழுந்து, மாவை ஊற்றி, பொடி தடவிக் கட்டிக் கொடுத்ததையெல்லாம் அவனும், அவளும், அவன் பெற்றதுகளும் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். போனவன் போனான், பக்கத்தில் படுத்துக்கொண்டு, வருவான் வருவான் என்று சொன்னவளை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அம்முலுவிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல் சோறு போட்டாள். தாமலில் அண்ணனுக்கு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாள்.

அமாவாசை கழிந்தது. அம்முலு தலை வாரி, பையோடு வந்து நின்றாள். ஆண்டாளம்மாள் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தாள்.

"பொடியில மொளகா கம்மி பண்ணிக்கீறேன் அத்த. கொழந்தைங்களுக்கு ஒறைக்குமில்ல."

டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகத் தின்னும் என்று அம்முலு ஆரம்பித்தாள். அடுப்பு பற்ற வைக்காமல் கிடப்பதும், வாசலில் தகரப் பெட்டி இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டன. புரை விழுந்த கண் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னா நீ போய்டுவே," என்றாள். "அவ வூட்ல எனக்கு ஒரு வா கஞ்சி ஊத்த மாட்டா. நீதான்டி ஊத்துவே."

ஆண்டாளம்மாள் கடைக் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கொண்டுவந்து கிழவி மடியில், பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தொறந்து வெச்சிக்கினு ஒக்காரு அத்த. உம்புள்ள வந்தா, கட பூட்டிக்கீதேன்னு திரும்பிப் போய்டப் போறான்."

பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தாமல் போகக் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.