எங்கே என்று கேட்கக் கூடாது

சில்வெஸ்ரருக்கு வாய் சும்மா இராது. காலமெல்லாம் யாழ்ப்பாணம் - ஊர்காவற்றுறை பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற வாய் அல்லவா! மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்க ஏறின சனத்தைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் இறக்கி விடுவார். தகப்பனும் கடல்தொழில், தகப்பனின் தகப்பனும் கடல்தொழில். இவர் மட்டும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஆனால் கடல் விட்டால்தானே. பென்சன் எடுத்த கையோடு ஒரு சின்ன பைபர் போட்டை வாங்கி, மனைவி மேரிறோஸின் பெயரையே அதில் எழுதினார். "என்னிலை காட்டாத பாசத்தையெல்லாம் உந்தப் போட்டிலை காட்டுறார்" என்று மேரிறோஸ் அயலெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போட் கட்டுகிற ஜெற்றிக்குப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். மீன் பிடிக்கிற ஆட்கள் இல்லை. சும்மா போட் ஓடுகிற பைத்தியங்கள். அவர்களுக்குத் தலைவர் சில்வெஸ்ரர். யாரும் தெரிவு செய்யவில்லை, அவராகவே ஆகிவிட்டார். அடுத்தவன் ஜெகதீஸ், சந்தியில் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவன். எவ்வளவு சோப் போட்டாலும் நகக்கண்ணில் கிறீஸ் போகாது, எவ்வளவு பேச்சு வாங்கினாலும் முகத்தில் சிரிப்புப் போகாது. மூன்றாவது ஆள் பிரதாபன். சரவணையில் தோட்டக்காரக் குடும்பம், கந்தோரில் எழுத்து வேலை. கடலை வெங்காயப் பாத்தியில் நின்று பார்த்து வளர்ந்தவன் என்பதால் அவனுக்குத்தான் ஆசையும் கூட, பயமும் கூட.

அங்கே என்ன கதைப்பார்கள் என்று கேட்டால், எல்லாம்தான். எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய், மேரிறோஸின் பிரசர் குளிசை, முதல் நாள் நண்டுக் கறியில் உப்புக் கூடின வழக்கு, நங்கூரக் கயிறு இத்துப்போன கதை, பஸ் நேரத்துக்கு வராத கதை. பஸ்ஸைப் பற்றி யாரும் குறை சொன்னால் சில்வெஸ்ரருக்குப் பொத்துக்கொண்டு வரும். மூன்று போட்டுக்கும் லைஃப் ஜாக்கெட் இருந்தது. மூவரும் அதைக் குண்டிக்குக் கீழே போட்டுக்கொண்டுதான் கதைத்தார்கள். கல்லு குத்தாது பாருங்கள்.

ஒரு ஞாயிறு பிரதாபன் தன் போனை எடுத்துக் காட்டினான். வெளிநாட்டில் எங்கேயோ ஆற்றில் போட் ஓடுகிற ஆட்களின் வீடியோ.

"அண்ணை, இவை வெளிக்கிட முதல் எங்கை போறம், எப்ப வருவம் எண்டு வீட்டிலை ஒராளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போகினம். நாங்களும் ஒரு வாட்ஸ்அப் குறூப் துடங்குவமே? போக முதல் அதிலை போட்டுவிட்டால் சரி."

சில்வெஸ்ரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அது ஆத்திலை ஓடுறவையின்ரை விளையாட்டு. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கரை. கடலுக்கு இறங்கிறவன் எங்கை போறன் எண்டு சொல்லவும் மாட்டான், அவனை ஒருத்தர் கேக்கவும் கூடாது. கேட்டால் அண்டையப் பயணம் சரிவராது. என்ரை அப்பு, ஆரும் கேட்டுப்போட்டினம் எண்டால் வலையைத் தோளிலை போட்டுக்கொண்டு திரும்பி வீட்டை வந்திடும்."

"அது மீன் கிடக்கிற இடம் ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு சொன்னதாயிருக்கும் அண்ணை" என்றான் பிரதாபன்.

"ஓ! கந்தோரிலை உதும் படிப்பிச்சுத் தந்தவையோ?"

ஜெகதீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பிரதாபனும் சிரித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தான். குறூப் கதை அதோடு முடிந்தது. சில்வெஸ்ரருக்கு அன்றைக்கு நல்ல சந்தோசம். கேட்பதற்கு ஆள் இருந்து, சிரிப்பதற்கும் ஆள் இருந்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்!

தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று அடங்கப் போகிற காலம் அது. ஒரு நாள் பின்னேரம் ஜெகதீஸ் தனியாகப் போட்டை இறக்கினான். சில்வெஸ்ரர் அங்கேதான் நின்றார். தன் போட்டுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவர், தூரிகையை வைத்துவிட்டு ஜெகதீஸின் கயிற்றை அவிழ்த்துவிட வந்தார். அந்த நேரம் ஜெகதீஸின் மனைவி றஞ்சனி ஒரு தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள். அவன் மறந்துவிட்டு வந்திருக்கிறான். றஞ்சனி இளவாலையில் பிறந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவள், இந்தக் கரை வழக்கம் தெரியாது. போத்தலைக் கொடுத்துவிட்டு, எந்த வீட்டுப் பெண்ணும் கேட்கிற மாதிரி, "இப்ப எங்கை…" என்று தொடங்கினாள்.

சில்வெஸ்ரர் குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஒரு சத்தம் போட்டார்.

"பிள்ளை! வாயை மூடும்! கடலுக்கு இறங்கிறவனை எங்கை எண்டு கேக்கிறதே?"

பகிடியாகத்தான் சொன்னார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எஞ்சின் பிடித்தது. "வாறன்" என்று கையைக் காட்டிவிட்டு ஜெகதீஸ் போனான். சில்வெஸ்ரர் றஞ்சனிக்கு அப்புவின் வலைக் கதையை ஒருதரம் முழுதாகச் சொல்லி, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு மேரிறோஸ் தேத்தண்ணிக்குக் கூப்பிட, வீட்டுக்குப் போய்விட்டார். போட் எந்தப் பக்கம் திரும்பியது என்று நின்று பார்க்கவில்லை.

மைம்மலாகி இருட்டியும் ஜெகதீஸ் வரவில்லை. போனுக்கு அடித்தால் அது அவனுடைய கடையிலே சார்ஜில் கிடந்து அலறியது. ஊர் திரண்டுவிட்டது. பிரதாபன் சரவணையிலிருந்து மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான். தேடப் போகிற போட்காரர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பக்கம் போனவன்?" றஞ்சனி சில்வெஸ்ரரைப் பார்த்தாள். சில்வெஸ்ரர் கையைக் கிழக்கே நீட்டினார்.

"அவன் வழக்கமா அராலிப் பக்கந்தான் ஓடுறவன். களப்புக்கை எங்கையேன் எஞ்சின் நிண்டு போயிருக்கும். வேறை ஒண்டுமிராது."

அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? அத்தனை போட்டும் கிழக்கே போயின. மீன் பிடிக்க நட்ட களங்கண்ணிக் கம்புகளுக்கிடையில் லைற் அடித்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சில்வெஸ்ரர் கடைசியாகத்தான் கரைக்கு வந்தார், வந்தவர் முகத்தைக் காட்டாமல் எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பவும் கிழக்கேதான் போனார்.

ஜெகதீஸ் மேற்கே போயிருந்தான். அனலைதீவில் ஒருவர் தன் மோட்டார்சைக்கிள் நின்றுபோய், வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். திருத்துகிற சாமான் பெட்டியையும் கொண்டுதான் இறங்கியிருக்கிறான். அந்த மனிதர் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு வரமாட்டான் போல என்று படுத்துவிட்டார். விடிந்து சேதி கேட்டபிறகுதான் அவர் அலறிக்கொண்டு போன் எடுத்தார். போட் பாதி தண்ணீருக்குள் தாண்டபடி அன்று மத்தியானம் கிடைத்தது. ஜெகதீஸ் அடுத்த நாள் கிடைத்தான்.

அனலைதீவு ஆட்கள் அடக்கத்துக்கு வந்தபோது ஒருவர் இன்னொன்றும் சொன்னார். இருட்டினபிறகு வெகுநேரம் கடலில் ஒரு சின்ன ரோச் லைற் அணைந்து அணைந்து எரிந்ததாம். வலைக்காரர் என்று நினைத்தார்களாம். சொன்னவருக்கு அது ஒரு செய்தி. சில்வெஸ்ரர் கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

பிறகு அவர் வாய்க்கு யாரோ தையல் போட்டதுபோல் ஆகிவிட்டது. பூவரச மரத்தடிக்கு வருவார், இருப்பார், போவார். பிரதாபன் ஒரு நாளாவது "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சண்டை பிடித்து அழுதாவது தொலைத்திருக்கலாம். நல்ல பிள்ளை, குறூப் ஒன்றை மட்டும் தொடங்கி இவரையும் சேர்த்துவிட்டான். அதில் ஊர் ஆட்கள் பலர் எழுதினார்கள், இவர் ஒன்றும் எழுதவில்லை. தன் போட்டைத் தண்ணீரில் இறக்கவும் இல்லை.

றஞ்சனி வீட்டுக்கு அடிக்கடி போனார். குழாய் ஒழுகுகிறது என்று போனார், வேலி சரிந்துவிட்டது என்று போனார். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் போனார். அவள் தேத்தண்ணி கொடுப்பாள், இவர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமலே வந்துவிடுவார். அவள் ஒருதரம் தன்னைக் கூப்பிட்டு வைத்து வாய் நிறையத் திட்டிப் பேசிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. அவள் பேசுகிறாளே இல்லை! மேரிறோஸ்தான் ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "மனசுக்குள்ளை வைச்சு அரியாமல் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்று துரத்திவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் போனபிறகு, றஞ்சனியின் விறாந்தையில் கதிரைகளை அடுக்கிவிட்டு, சில்வெஸ்ரர் போகாமல் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு நீர் கேக்க வாயெடுத்தனீர். நான்தான் மறிச்சனான். கேட்டிருந்தால் நாங்கள் நேரை மேற்கை போயிருப்பம். ஆளைக் கொண்டந்திருப்பம். என்னை ரெண்டு பேச்சாவது பேசும் பிள்ளை. உமக்கு அந்த உரிமை இருக்கு."

றஞ்சனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை.

"உங்களை என்னெண்டு அண்ணை பேசிறது? நீங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னியள். அவர் என்ரை மனுசன். நான்தான் கேட்டிருக்க வேணும். ஆர் மறிச்சாலும் கேட்டிருக்க வேணும்."

"இல்லைப் பிள்ளை, அது என்ரை பிழை. நீர் அதை உம்மடை தலையிலை போடாதையும்."

அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். சொல்லுவதா விடுவதா என்று யோசித்திருக்க வேண்டும்.

"நீங்கள் கயித்தை அவிட்டுக்கொண்டு குனிஞ்சு நிண்டனீங்கள் அண்ணை, அதாலை காணேல்லை. நான் முழுக்கக் கேக்க முதலே அவர் சொல்ல வாயைத் திறந்தவர். நீங்கள் சத்தம் போட்ட உடனை, உங்களை ஒருக்காப் பாத்து, சிரிச்சுப்போட்டு வாயை மூடியிட்டார்."

அவள் அடுக்கின கதிரைகளில் ஒன்றை எடுத்து அவருக்கு முன்னால் போட்டாள்.

"உங்கடை சொல்லை அவர் ஒரு நாளும் தட்டினதில்லைத்தானே அண்ணை" என்றாள் றஞ்சனி.