மாமாவின் கைப்பிடி

அம்பத்தூரில் அந்தக் கடைக்காரர் கண்ணாடி மேசை மேல் கிரிம்பிங் டூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீலப் பிடி போட்டது ஒன்று, சிவப்பில் ஒன்று, கறுப்பில் கனமாக ஒன்று. பார்வைக்குக் கொறடு மாதிரி இருக்கும். நெட்வொர்க் கேபிளின் முனையை கனெக்டருக்குள் செருகி, இதன் வாயில் வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் பொன்னிறத் தகடுகள் இறங்கி ஒவ்வொரு கம்பியையும் கடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது, ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமா, என் அக்காவின் கணவர், வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றிருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் நின்றார். அதை நான் கவனித்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

நாங்கள் தெற்கிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அதன் குவார்ட்டர்ஸில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். மாமா பட்டாபிராமத்துக்காரர். அக்கா விரும்பிக் கட்டிக்கொண்டாள். “இன்னா மச்சான், ஊட்ல எல்லாரும் நல்லாகீறாங்களா?” என்று அவர் வாசலில் நின்று கேட்ட முதல் நாள், அந்தப் பேச்சைக் கேட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விரல்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது. அப்போது அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தார். அந்தக் கம்பெனி மூடியதும் என்னோடு வந்து சேர்ந்தார். நான் ஏற்கெனவே அடுக்குமாடி வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் ஒயரும் இன்டர்காம் ஒயரும் இழுத்துக் கொடுக்கிற தொழிலில் இருந்தேன். எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. முழுக் கேபிள் பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் ஏணி ஏறுவார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் வேலை முடித்துக் கொடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து புகார் வந்தது. ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவர்கள் நிறையப் பேர் அங்கே. “மீட்டிங் நடுவுல நடுவுல கட் ஆகுதுங்க. வேலை போயிடும் போல இருக்கு” என்று ஒரு பெண் போனில் கிட்டத்தட்ட அழுதாள். நான் போய் முனைகளைப் பார்த்தேன். தகடுகள் பாதிதான் இறங்கியிருந்தன. கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றன. அடுத்த வீட்டிலும் அப்படியே. எல்லாம் மாமா போட்ட முனைகள். நான் சொன்னதும், தன் டூலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாய் தேஞ்சி பூட்ச்சி மச்சான். லூசா கீது. புச்சு ஒண்ணு வாங்கிர்லாம்” என்றார். பழைய டூல்தான். அதனால் நானும் நம்பினேன்.

கடைக்காரர் கறுப்புப் பிடியைக் காட்டி, “இது முழுசா அழுத்தினாத்தான் வாயைத் திறக்கும் சார். பாதியில விட்டா அப்படியே கவ்விக்கினு நிக்கும். அரைகுறையா ஒரு முனைகூட விழாது” என்றார். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. ஒரு துண்டு கேபிளை வாங்கி, உறையை உரித்து, கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கினார். விரல்கள் மெதுவாக நகர்ந்தாலும் வரிசை தப்பவில்லை. கனெக்டரைச் செருகி, டூலின் வாயில் வைத்து வலது கையால் அழுத்தினார். பிடி பாதி தூரம் வந்து நின்றது. இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. “இரு, இரு” என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பிடி மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. அதன் வாயில் மாட்டிய கேபிள் துண்டு கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. இடது கையையும் சேர்த்தார். இரண்டு கையும் நடுங்கின. அப்போதுதான் பார்த்தேன்: அவருடைய வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை, குழி விழுந்து கிடந்தது.

“குடுங்க சார்” என்று கடைக்காரர் கை நீட்டினார். ஒல்லியான மனிதர், என் அப்பா வயது இருக்கும். பில் போட்டுக்கொண்டிருந்த பேனாவைக்கூட வைக்காமல், ஒற்றைக் கையால் அழுத்தினார். டக் என்று மூடித் திறந்துகொண்டது.

மாமா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “புச்சுல்ல. டைட்டா கீது” என்றார். கடைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உள்ளே போய், பிடி நீளமாக இருக்கிற ஒன்றைத் தேடி எடுத்து வந்து, “இது லேசா இருக்கும் சார்” என்று மட்டும் சொன்னார். அதை வாங்கினோம். வெளியே வந்ததும் மாமா வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். சேர்ந்து வேலைக்குப் போன இத்தனை காலத்தில் நான் ஓட்டி அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. “நீயே ஓட்டு மச்சான்” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் என்னையும் அக்காவையும் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கை, கால், அப்புறம் பேச்சு, விழுங்குவது, கடைசியாக மூச்சு. குணப்படுத்த மருந்து இல்லை. அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றார். “அதுவும் சேர்ந்து போயிட்டா நல்லாருக்குமே டாக்டர்” என்றாள் அக்கா. 

இன்டர்காமுக்குப் போடுகிற டெலிபோன் கனெக்டர் சின்னது. அதற்கு அழுத்தம் குறைவாகப் போதும். அதனால் பூந்தமல்லியில் கிடைத்த இன்டர்காம் வேலையை அவருக்கென்று ஒதுக்கினேன். மாடிப்படியில் உட்கார்ந்து, நீளப் பிடியின் ஒரு பக்கத்தைத் தரையில் ஊன்றி, மறுபக்கத்தை முழங்காலால் அழுத்தி முனை போட்டார். “இன்னா மச்சான், சின்னப் புள்ளைங்க வேலையா பாத்துக் குடுக்கற?” என்று சிரித்தார். நான் என்னவோ சமாளித்தேன். அதுவும் நீடிக்கவில்லை. நூம்பலில் ஒரு வீட்டில் காலையிலிருந்து ஒரே முனையோடு போராடிக்கொண்டிருந்தவர், நான் திரும்பி வந்தபோது டூலைத் துணியால் துடைத்து என் பையில் வைத்திருந்தார். “இத்த நீ வெச்சிக்க” என்றார். அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

அக்கா எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. குழந்தைகளும் இல்லை. நெமிலிச்சேரியில் அவர்களுடைய வாடகை வீட்டில் பகலெல்லாம் அவர் தனியாகக் கட்டிலில் கிடந்தார். கைகள் இரண்டும் போய்விட்டன. பேச்சு குழறி, அக்காவுக்கு மட்டும் புரிகிற ஏதோவொன்றாக ஆகிவிட்டது. இடது பாதம் மட்டும் அசைந்தது. பக்கத்து வீட்டம்மா நல்ல மனுஷி. “நான் பாத்துக்கறேன், நீ போம்மா” என்று அக்காவை அனுப்பிவைத்தவர் அவர்தான். நான் அந்த அம்மாவின் சமையலறையில் ஒரு பேட்டரி மணியை மாட்டி, சுவரைத் துளைத்து, டெலிபோன் ஒயரை மாமாவின் கட்டில்வரை இழுத்து, இடது பாதத்துக்கடியில் ஒரு பொத்தானை வைத்தேன். ஒயர் இல்லாத மணியே கடையில் கிடைக்கும்தான். மாமாவுக்கு ஒயர் மேல்தான் நம்பிக்கை. நான் வேலை செய்வதைக் கண்ணாலேயே மேற்பார்வை பார்த்தார். அக்கா தினமும் கிளம்புவதற்கு முன் அவர் ஒருமுறை அழுத்திக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா சுவரைத் தட்டுவார். அந்தத் தட்டல் கேட்ட பிறகுதான் அக்கா செருப்பு மாட்டுவாள்.

ஒருமுறை எச்சில் புரையேறி மூச்சுத் திணறியபோது அந்த மணிதான் அவரைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடுத்த முறை தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், மெஷினில்தான் மூச்சு என்றார்கள். மாமா வேண்டாம் என்று தலையை அசைத்தார். அக்கா அவர் மேல் விழுந்து, “எனக்காக வச்சுக்கக் கூடாதா? உங்கள மெஷினோட பாத்துக்க மாட்டேனா நான்?” என்று கேட்டாள். அவர் மறுபடியும் தலையை அசைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அக்கா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்து, ஒரு முற்பகலில், கஞ்சி கொடுக்கப் போன பக்கத்து வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். “தம்பி, சீக்கிரம் வாப்பா. உங்க மாமா கண்ணத் தொறக்க மாட்றாரு.” நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாதம் பொத்தான் மேலேயேதான் இருந்தது. மணியே அடிக்கவில்லை என்றார் அந்த அம்மா.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு அக்கா என்னைக் கேட்டாள். “அந்த மணி வேலை செய்யுதான்னு பாருடா.” பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் குனிந்து பொத்தானை அழுத்தினேன். சுவருக்கு அப்பால் மணி அடித்தது. அடுத்த கணம் பக்கத்து வீட்டம்மா ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். வெறும் கட்டிலைப் பார்த்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அன்னிக்குக் காலையில நல்லா அடிச்சாரா?” என்று அக்கா அவரைக் கேட்டாள்.

“நல்லாதாம்மா அடிச்சாரு. நான்கூட சொவத்தத் தட்னேனே, நீ கேக்கல?”

“கேட்டேன்” என்றாள் அக்கா.

காலையில் இருந்த பலம் கொஞ்ச நேரத்தில் போயிருக்கலாம், இந்த நோயில் அப்படி நடக்கும், தூக்கத்திலேயே மூச்சு நின்றிருக்கலாம் என்றெல்லாம் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, நடக்கக்கூடியதுதான். அவள் கேட்டுக்கொள்வாள். அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். சில நாட்களில் நானும் நம்புவதில்லை. இப்போது அவள் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். அதே கம்பெனிக்குத்தான் போய்வருகிறாள். அன்று காலை அவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு முறை கேட்டேன். கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டது, தலையை வாரிக்கொண்டே போய்வருகிறேன் என்று சொன்னேன், திரும்பிப் பார்க்கவில்லை என்றாள்.